நாட்டியப் பேரொளிக்குக் கால் எங்கே? (பத்மினி டிவிடி தொகுப்பு பற்றி)

இந்தக் காலத்தில் யார் டிவிடி வாங்குகிறார்கள் என்று கேட்பவர்களுக்கு: நாங்கள் சிலர் இன்னும் வாங்கிக்கொண்டுதான் இருக்கிறோம். இணையத்தில் பழைய படம் எல்லாமே கிடைக்கிறதே என்றால், கிடைக்கிறது, ஆனால் பாதிக்கு மேல் எங்கேயோ டிவியில் ஓடியதைப் பதிவு செய்து ஏற்றியவை, மூலையில் ஒரு லோகோ, அதற்கு மேல் இன்னொரு லோகோ, நடுப்பாட்டில் ஒரு வெட்டு. அதனால் பத்மினி நடித்த ஆறு படங்கள் ஒரே பெட்டியில் என்று பார்த்ததும் 799 ரூபாய் போனால் போகட்டும் என்று வாங்கிவிட்டேன். எந்த நிறுவனம் என்று சொல்லப் போவதில்லை. இதே மாதிரி தொகுப்பு போடுகிறவர்கள் பலர், குறைகளும் ஏறக்குறைய ஒன்றேதான், ஆகவே நீங்கள் எதை வாங்கினாலும் கீழே சொல்வதைப் பார்த்து வாங்குங்கள்.

பெட்டியில் உள்ளவை: மணமகள், வஞ்சிக்கோட்டை வாலிபன், மன்னாதி மன்னன், சித்தி, தில்லானா மோகனாம்பாள், பூவே பூச்சூடவா. தேர்வு நல்ல தேர்வு, அதைக் குறை சொல்ல மாட்டேன். 1951இல் கதாநாயகியாக வந்த பெண்ணிலிருந்து 1985இல் பாட்டியாக வந்த அம்மா வரைக்கும் ஒரு நடிகையின் முழு வாழ்க்கையும் இந்த ஆறில் அடங்குகிறது. முன் அட்டையில் தங்க எழுத்தில் ‘நாட்டியப் பேரொளி’ என்று போட்டிருக்கிறார்கள். பின் அட்டையில் ஆறு சின்னப் படங்கள், அதில் ஒன்று வைஜெயந்திமாலா. சத்தியமாக. இரண்டு பேரும் ஒரே படத்தில் போட்டி போட்டு ஆடினார்கள் என்பதற்காக ஒருவரை எடுத்து இன்னொருவர் இடத்தில் வைத்துவிடலாமா?

சரி, அட்டையை விடுவோம். நடனக்காரி நடித்த படத்தின் டிவிடி நல்லதா கெட்டதா என்று பார்க்க என்னிடம் ஒரே ஒரு சோதனைதான் உண்டு. ஆடும்போது பாதம் தெரிகிறதா? அது தெரியவில்லை என்றால் வண்ணம் எவ்வளவு பளிச்சென்று இருந்தாலும், ஒலியை ஐந்து ஸ்பீக்கருக்குப் பிரித்துக் கொடுத்தாலும் எனக்கு அது வீண்.

இதில் என்ன சிக்கல் என்று புரியாதவர்களுக்காகக் கொஞ்சம் விளக்கம். ஐம்பது, அறுபதுகளில் வந்த நம் படங்கள் பெரும்பாலும் கிட்டத்தட்ட சதுரமான சட்டத்தில் எடுக்கப்பட்டவை, பழைய டப்பா டிவியின் வடிவம், 4:3 என்பார்கள். இப்போது வீட்டில் இருப்பது 16:9 அகல டிவி. பழைய படத்தை இதில் போட்டால் இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை வரும், வரத்தான் வேண்டும். ஆனால் “திரை முழுக்கப் படம் வரவில்லையே” என்று யாராவது புகார் சொல்வார்கள் என்று பயந்து டிவிடி போடுகிறவர்கள் இரண்டு வேலையில் ஒன்றைச் செய்கிறார்கள். ஒன்று, படத்தைப் பக்கவாட்டில் இழுத்துவிடுவது. ஆட்கள் எல்லாரும் குண்டாகத் தெரிவார்கள், பார்க்கச் சகிக்காது, ஆனால் ரிமோட்டில் பட அளவை 4:3 என்று மாற்றினால் பழையபடி ஒழுங்காகிவிடும், எதுவும் தொலைந்துபோகவில்லை. இன்னொன்று, மேலேயும் கீழேயும் வெட்டிவிடுவது. இதில் படத்தின் உயரத்தில் நான்கில் ஒரு பங்கு போய்விடுகிறது. ரிமோட்டில் எந்தப் பொத்தானை அழுத்தினாலும் அது திரும்பி வராது. ஒரு கதாநாயகன் நின்று வசனம் பேசுகிற காட்சியில் இப்படி வெட்டினால் பெரிய நஷ்டம் இல்லை, நெற்றியும் இடுப்பு வேட்டியும் போகும். முழு உருவமும் தெரிய ஆடுகிற பெண்ணிடம் இப்படி வெட்டினால் தலையலங்காரம் போகும், கணுக்காலுக்குக் கீழே ஒன்றுமே இருக்காது. அரைமண்டியில், அதாவது முழங்காலை மடக்கிப் பாதி உட்கார்ந்த நிலையில், தட்டுகிற தட்டு காதில் கேட்கும், கண்ணில் படாது.

பெட்டிக்குள் நாலு பக்கத்தில் ஒரு கையேடு வைத்திருக்கிறார்கள். அதில் இரண்டு பக்கம் அவர்களுடைய மற்ற வெளியீடுகளின் விளம்பரம், ஒரு பக்கம் படங்களின் பட்டியல், மீதி ஒரு பக்கத்தில்தான் பத்மினி. “தன் அழகாலும் நடிப்பாலும் ரசிகர்களைக் கவர்ந்தவர்” என்கிற மாதிரி வரிகள், யாருக்கு வேண்டுமானாலும் பொருந்தும். இருக்க வேண்டியதை நானே சொல்லிவிடுகிறேன். பிறந்தது 1932இல், திருவனந்தபுரத்தில் பூஜப்புரை. அக்கா லலிதா, தங்கை ராகினி, மூன்று பேரையும் சேர்த்துத்தான் திருவாங்கூர் சகோதரிகள் என்றார்கள். முதலில் குரு கோபிநாத்திடம் கற்றார்கள். அவர் கதகளியிலிருந்து வந்தவர், பத்மினியின் கண்ணும் புருவமும் அவ்வளவு பேசுவதற்கு அங்கேதான் வேர் இருக்கிறது என்பது என் எண்ணம். பிறகு டி.கே. மகாலிங்கம் பிள்ளையிடம் பரதம். 1948இல் நடனக் கலைஞர் உதயசங்கர் சென்னை ஜெமினி ஸ்டுடியோவில் எடுத்த ‘கல்பனா’வில் ஆடினார், அதே காலத்தில் ‘வேதாள உலகம்’ மாதிரி தமிழ்ப் படங்களில் லலிதா-பத்மினி நடனம் என்று தனியாக ஒரு அயிட்டமே போட ஆரம்பித்தார்கள். கதைக்கும் அந்த நடனத்துக்கும் சம்பந்தம் இருக்காது, ஆனால் டிக்கெட் அதற்காகவும் விற்றது.

‘கல்பனா’ பற்றி ஒரு விஷயம். அந்தப் படத்தை ஹாலிவுட் இயக்குநர் மார்ட்டின் ஸ்கார்செஸி தொடங்கிய உலக சினிமா அறக்கட்டளை மீட்டெடுத்து, 2012இல் பிரான்சின் கான் திரைப்பட விழாவில் திரையிட்டார்கள். பத்மினி கூட்டத்தோடு ஆடிய படத்துக்கு அந்தக் கவனிப்பு. அவரே நாயகியாக ஆடிய தமிழ்ப் படங்கள் நம் கையில் என்ன கதியில் இருக்கின்றன என்பதற்கு இந்தப் பெட்டியே சாட்சி.

இனி டிஸ்குகளுக்கு வருவோம். ‘மணமகள்’ 1951, என்.எஸ். கிருஷ்ணன் இயக்கம், மு. கருணாநிதி வசனம், பத்மினி முதன்முதலாகக் கதாநாயகியாக வந்த தமிழ்ப் படம், அக்கா லலிதாவும் இருக்கிறார். ‘சின்னஞ்சிறு கிளியே கண்ணம்மா’ இந்தப் படத்தில்தான், சி.ஆர். சுப்பராமன் இசையில் எம்.எல். வசந்தகுமாரி குரல். பிரிண்ட் மோசம். மழை பெய்கிற மாதிரி கோடுகள், சில இடங்களில் பேச்சு தாவுகிறது. ஆனால் சட்டத்தில் கை வைக்கவில்லை, வந்தது வந்தபடி கொடுத்திருக்கிறார்கள், அதனால் எனக்குக் கோபம் இல்லை. எழுபது வருடத்துக்கு முந்தைய பிலிம், இவ்வளவாவது மிஞ்சியதே.

இந்தப் பெட்டியில் காசுக்கு மதிப்பு என்றால் ‘வஞ்சிக்கோட்டை வாலிபன்’ டிஸ்க்தான். 1958, எஸ்.எஸ். வாசன், ஜெமினி. போட்டவுடன் ஜெமினி கணேசன் இரண்டு மடங்கு அகலமாக வந்து நின்றார், பதறிவிட்டேன், ஆனால் இது வெறும் இழுப்பு வேலைதான், ரிமோட்டில் 4:3 வைத்ததும் எல்லாரும் அவரவர் உடம்புக்குத் திரும்பிவிட்டார்கள். கறுப்பும் வெள்ளையும் நன்றாகப் பிரிந்து தெரிகிற பிரிண்ட். ‘கண்ணும் கண்ணும் கலந்து’ பாட்டு முழுசாக இருக்கிறது, வெட்டு இல்லை. சி. ராமச்சந்திரா இசை, கொத்தமங்கலம் சுப்பு வரிகள், பி. லீலாவும் ஜிக்கியும் பாடுகிறார்கள், ஹீராலால் நடனம் அமைத்தது.

பி.எஸ். வீரப்பா “சபாஷ், சரியான போட்டி!” என்று சொல்லும் வரைக்கும் எல்லாருக்கும் மனப்பாடம். மீம் போடுகிற பிள்ளைகளுக்குக்கூடத் தெரியும். ஆனால் முழு சட்டத்தோடு பார்த்தால்தான் தெரிகிறது, இந்தப் பாட்டு எவ்வளவு தூரம் காலாலேயே நடத்தப்பட்டிருக்கிறது என்பது. யார் ஜெயித்தார் என்று இன்றைக்கும் வீட்டுக்கு வீடு சண்டை, படமோ முடிவைச் சொல்லாமலே போட்டியை நிறுத்திவிடும். என் கட்சியை மறைக்காமல் சொல்கிறேன். வேகமும் உடம்பின் கோடும் வைஜெயந்திமாலாவுக்கு, அதில் அவரை யாராலும் தொட முடியாது. வழுவூர் ராமையா பிள்ளையிடம் கற்ற அந்த முடிப்பு ஒவ்வொரு அடவிலும் (அடிப்படை ஆட்ட அசைவிலும்) தெரியும். ஆனால் ஆடிக்கொண்டே எதிராளியைப் பார்க்கிற பார்வை பத்மினியுடையது. இந்த வரிக்கு நீ என்ன பதில் வைத்திருக்கிறாய் என்று கண்ணாலேயே கேட்டுவிட்டு, பதில் வருவதற்குள் உதட்டோரம் ஒரு சிரிப்பு. போட்டியைப் போட்டியாக நடித்தவர் அவர்தான். இதே காட்சி இந்தியில் ‘ராஜ் திலக்’ ஆக வந்ததிலும் இருக்கிறது, கிடைத்தால் இரண்டையும் அடுத்தடுத்துப் போட்டுப் பாருங்கள்.

‘மன்னாதி மன்னன்’, 1960. எம்.ஜி.ஆர். ஆடுகிற படம் என்பதற்காகவே எனக்குப் பிடிக்கும். ‘ஆடாத மனமும் உண்டோ’ பாட்டில் சட்டம் சரியாக இருக்கிறது, ஆனால் வலது கீழ் மூலையில் நிறுவனத்தின் லோகோ படம் முழுக்க உட்கார்ந்திருக்கிறது. காசு கொடுத்து வாங்கிய டிஸ்கில் எதற்கு லோகோ? கடைக்காரர் விற்ற புடவையில் கடை பெயரை முந்தானையில் அச்சடித்துக் கொடுத்தால் கட்டிக்கொள்வோமா? அதுவும் சரியாக ஆடுகிறவர்களின் பாதம் வந்து போகிற இடத்தில். சப்டைட்டிலையாவது நிறுத்திவிடலாம், இதை என்ன செய்வது.

அடுத்தது ‘சித்தி’. இதில் நடனத்துக்கு வேலையே இல்லை, அதற்காகவே இதைச் சேர்த்தவருக்கு ஒரு நன்றி. 1966, கே.எஸ். கோபாலகிருஷ்ணன். 1961இல் டாக்டர் ராமச்சந்திரனைக் கல்யாணம் செய்துகொண்டு அமெரிக்காவுக்குப் போய்விட்டு, பிறகு திரும்பி வந்து நடித்த காலம். எம்.ஆர். ராதாவுக்கு இரண்டாம் தாரமாக, வீடு நிறையப் பிள்ளைகளுக்குச் சித்தியாகப் போகிற பெண். ‘காலமிது காலமிது கண்ணுறங்கு மகளே’ என்று பி. சுசீலா குரலில் தாலாட்டுப் பாடும்போது உடம்பை ஒரு இடத்தில் வைத்துக்கொண்டு முகத்தால் மட்டுமே நடத்துகிறார். ஆடத்தான் தெரியும், நடிப்பு அப்புறம்தான் என்று பத்மினியைச் சொல்கிறவர்களுக்கு நான் இந்தப் படத்தைத்தான் போட்டுக் காட்டுவேன். டிஸ்க் பரவாயில்லை, கொஞ்சம் மங்கல், பார்க்கலாம்.

இப்போது ‘தில்லானா மோகனாம்பாள்’. பெட்டியை வாங்கியதே இதற்காகத்தான், பெட்டியின் பெரிய கோளாறும் இதில்தான் இருக்கிறது.

1968, ஏ.பி. நாகராஜன். ஆனந்த விகடனில் கொத்தமங்கலம் சுப்பு ‘கலைமணி’ என்ற பெயரில் எழுதிய தொடர், கோபுலு ஓவியம், அதைத்தான் படமாக்கினார்கள். சிக்கல் சண்முகசுந்தரமாக சிவாஜி வாயில் நாயனம், அதற்கு நிஜமாக வாசித்தவர்கள் மதுரை எம்.பி.என். சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்கள். தவிலோடு பாலையா, வைத்தியாக நாகேஷ், ஜில் ஜில் ரமாமணியாக மனோரமா, வடிவாம்பாளாக சி.கே. சரஸ்வதி. இதை யாருக்கும் அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. ஒன்று மட்டும் சொல்கிறேன், இதில் மோகனாவாக ஆடும்போது பத்மினிக்கு 36 வயது. குழந்தை பெற்று, வெளிநாட்டில் குடும்பம் நடத்திவிட்டுத் திரும்பியவர். சிவாஜியோடு ஏறக்குறைய 60 படங்கள், 1952இல் ‘பணம்’ படத்தில் ஆரம்பித்தது, அத்தனையும் சேர்ந்து வந்து இந்தப் படத்தில் உட்கார்ந்திருக்கிறது. இருபது வயதுப் பெண் ஆடியிருந்தால் அந்த வீம்பு வந்திருக்காது. ஒரு வித்துவானைப் பார்த்து நீ பெரிய ஆளாக இருக்கலாம், நானும் குறைந்தவள் இல்லை என்று நிற்கிற நிமிர்வு, அது மேடையில் வருடக்கணக்காக நின்றவருக்குத்தான் வரும்.

அந்த நிற்கிற காலைத்தான் வெட்டிவிட்டார்கள். இந்த டிஸ்கில் படம் மேலும் கீழும் வெட்டி அகலமாக்கப்பட்டிருக்கிறது. பின் அட்டையில் இதைப் பெருமையாக வேறு போட்டிருக்கிறார்கள், “அகலத்திரை, டிஜிட்டல் ரீமாஸ்டர்” என்று. நாயனத்துக்கும் சலங்கைக்கும் நடக்கிற போட்டியில் தூரத்திலிருந்து முழு உருவம் தெரிய எடுத்த காட்சிகள் நிறைய, ஏனென்றால் அங்கே பார்க்க வேண்டியதே பாதத்தை. நாயனம் வேகம் பிடிக்கப் பிடிக்க, தவில் கூடவே ஏற ஏற, இங்கே திரையில் முழங்காலுக்குச் சற்றுக் கீழே படம் முடிந்துவிடுகிறது. தீர்மானம் (ஒரு பகுதியை முடித்துவைக்கிற தாளக்கட்டு) வைக்கும்போது கால் எங்கே விழுந்தது என்று தெரியவில்லை. ‘மறைந்திருந்தே பார்க்கும் மர்மமென்ன’ பாட்டிலும் இதே கதை. சுசீலா ஸ்வரமும் வரியுமாகக் கொட்டிக்கொண்டே போக, ஒளிந்து நிற்கிற சிவாஜி முகம் முழுசாகக் கிடைக்கிறது, எதைப் பார்த்து அந்த முகம் அப்படி மாறுகிறதோ அது பாதிதான் கிடைக்கிறது.

விந்தை என்னவென்றால் ‘நலந்தானா’ இந்த வெட்டிலும் தப்பிவிட்டது. அது கண்ணும் கையும் பேசுகிற பாட்டு, காயம்பட்டவனிடம் சபை நடுவே வேறு யாருக்கும் தெரியாமல் உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்கிற பாட்டு, பெரும்பாலும் நெருக்கத்தில் எடுத்தது. அந்தக் கலங்கின கண் அப்படியே இருக்கிறது. நெற்றிச்சுட்டிக்கு மேலே கொஞ்சம் நறுக்கியிருக்கிறார்கள், அவ்வளவுதான். அழுதுவிட்டுத்தான் எழுந்தேன், டிஸ்க் போட்டவர்களைத் திட்டிக்கொண்டே.

ஒலியையும் சொல்லிவிடுகிறேன். ஐந்து ஸ்பீக்கர் சமாச்சாரம் இதிலும் உண்டு, தவில் பின்னாலிருந்து கேட்கிறது, தவில்காரர் திரையில் முன்னால் இருக்கிறார். மெனுவில் பழைய ஒற்றை ஒலி என்று இன்னொன்று இருக்கிறது, அதற்கு மாற்றிவிடுங்கள். சங்கீதக் காது உள்ளவர்களுக்கு இன்னொரு தகவல்: திரையரங்கில் வினாடிக்கு 24 சட்டம் (தனித்தனிப் படம்) ஓடுகிற படத்தை, பால் (PAL) என்கிற டிவி முறையில் வரும் டிவிடியில் 25 ஆக ஓட்டுவார்கள். படம் நூற்றுக்கு நாலு பங்கு வேகமாகிறது, தனியாகச் சரி செய்யாவிட்டால் சுருதியும் அரைக்கட்டைக்குச் சற்றுக் குறைவாக மேலே ஏறிவிடும். இந்த டிஸ்க் அந்த ரகம்தான், இசைத்தட்டோடு வைத்துப் பார்த்தேன். நாயனம் கொஞ்சம் கீச்சென்று கேட்கிறதே, ஆட்டம் கொஞ்சம் அவசரமாக இருக்கிறதே என்று உங்களுக்குத் தோன்றினால் அது மதுரை சகோதரர்கள் வாசிப்பும் இல்லை, பத்மினி ஆட்டமும் இல்லை.

‘பூவே பூச்சூடவா’ டிஸ்கில் எந்தக் குறையும் இல்லை. 1985, பாசில், இளையராஜா. முந்தின வருடம் மலையாளத்தில் வந்ததன் தமிழ், இரண்டிலும் பாட்டி பத்மினிதான், பேத்தி நதியாதான். நியூ ஜெர்சியில் நாட்டியப் பள்ளி நடத்திக்கொண்டிருந்தவர், கணவர் 1981இல் போய்ச் சேர்ந்த பிறகு, திரும்ப வந்து நரைத்த தலையோடு நடித்தார். வாசலில் அழைப்பு மணி அடித்தால் பிள்ளைகளை விரட்டுகிற கிழவி, அவ்வளவு சிடுசிடுப்பு, அவ்வளவு ஏக்கம். இதிலும் நடக்கிற நடையைக் கவனியுங்கள், முதுகு வளைந்திருக்கும், பாதம் மட்டும் தாளத்தில்தான் விழும். எனக்கு அப்படித் தோன்றுகிறது, ரசிகப் புத்தி என்றும் சொல்லலாம். 2006 செப்டம்பரில் சென்னையில்தான் காலமானார்.

விற்பனைக்குப் பிந்தைய சேவை என்று ஒன்று இருக்கிறதா என்று பார்க்க, தில்லானா டிஸ்கை மாற்றித் தர முடியுமா என்று கேட்டேன். கடையில் இருந்த தம்பி நல்ல மாதிரி, டிஸ்கைப் போட்டுப் பார்த்துவிட்டு, “ஓடுதே சார், கீறல் ஒண்ணும் இல்லையே” என்றார். கால் தெரியவில்லை என்றேன். டிவி செட்டிங்கைப் பாருங்கள் சார் என்றார். அவர் மேல் தப்பில்லை, அவரிடம் இருக்கிற எல்லாப் பெட்டியிலும் அதே டிஸ்க்தான். வெளியிட்ட நிறுவனத்துக்கும் எழுதினேன், பதில் இல்லை.

ஆகவே, முழுப் பெட்டி வேண்டாம். ‘வஞ்சிக்கோட்டை வாலிபன்’, ‘சித்தி’, ‘பூவே பூச்சூடவா’ மூன்றும் தனித்தனியாகக் கிடைத்தால் வாங்கலாம், கையில் ரிமோட்டோடு உட்காருங்கள். மணமகள் ஆராய்ச்சி புத்தி உள்ளவர்களுக்கு. தில்லானாவுக்கு மட்டும், அட்டையில் ‘அகலத்திரை’ என்று பெரிதாகப் போட்டிருந்தால் கீழே வைத்துவிடுங்கள், 4:3 என்று போட்ட பழைய பதிப்பு பழைய கடைகளில் தூசியோடு கிடைத்தால் கீறல் இருந்தாலும் அதையே எடுங்கள். பக்கத்தில் கறுப்புப் பட்டை வருகிற பிரிண்ட்டாக டிவியில் ஓடினால் அதுவும் சரி, நடுவில் நகைக்கடை விளம்பரம் பத்து வந்தாலும் பரவாயில்லை. அப்படி முழு சட்டத்தில், லோகோ இல்லாமல் யாரிடமாவது நல்ல டிஸ்க் இருந்தால், எந்த வருடப் பதிப்பு, அட்டை என்ன நிறம் என்று மட்டும் சொல்லுங்கள், தேடிப் பிடித்துக்கொள்கிறேன்.